பழைய சிப்பில் புது ஆட்டம்: நிண்டெண்டோவின் கன்சோல் கணக்கு

வீடியோ கேம் கருவிகளை ஒப்பிட்டுப் பேசும் ரசிகர்கள் முதலில் எடுப்பது எண்களைத்தான்: சிப்பின் வேகம், நினைவகத்தின் அளவு, திரையின் பிக்சல் கணக்கு. ஜப்பானின் கியோட்டோ நகரத்தைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் இந்த எண்களில் பல தலைமுறைகளாகப் போட்டியாளர்களுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறது. ஆனாலும் உலகில் மிக அதிகம் விற்ற விளையாட்டுக் கருவிகளின் வரிசையில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இது தற்செயல் அல்ல. குன்பெய் யோகோய் என்ற பொறியாளர் வகுத்துக்கொடுத்த ஒரு வடிவமைப்புக் கொள்கை இதன் அடியில் இருக்கிறது.

நிண்டெண்டோ 1889இல் ஃபுசாஜிரோ யமாவுச்சி தொடங்கிய சீட்டுக் கம்பெனி. பூப்படம் போட்ட ஹனஃபுதா சீட்டுகள்தான் அதன் முதல் சரக்கு. 1965இல் மின் பொறியியல் படித்துவிட்டு யோகோய் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, சீட்டு தயாரிக்கும் எந்திரங்களைப் பராமரிப்பதே அவருடைய பணி. ஓய்வு நேரத்தில் அவர் செய்து வைத்திருந்த, நீண்டு சுருங்கும் ஒரு பொம்மைக் கையை நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் 1966இல் சந்தைக்கு வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. யோகோய் பொம்மைப் பிரிவுக்கு மாறினார்.

அவருடைய கொள்கை எளிமையானது. புத்தம்புதுத் தொழில்நுட்பம் விலை அதிகம். அதன் குறைகளும் முழுதாகத் தெரிந்திருக்காது. சந்தையில் பல ஆண்டு புழங்கி, விலை இறங்கி, நிறைகுறை தெரிந்துவிட்ட பாகங்களை எடுத்து, அவற்றை யாரும் பயன்படுத்தாத வகையில் பயன்படுத்துவதே வடிவமைப்பாளரின் வேலை என்று அவர் நம்பினார். 1970களின் இறுதியில் கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டிபோட்டு விலையைக் குறைத்ததில் சிறு எல்.சி.டி. திரைகளும் சிப்புகளும் மலிந்து கிடந்தன. ரயிலில் ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்ட யோகோய், அதே பாகங்களைக் கொண்டு சட்டைப்பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி செய்யலாம் என்று கருதினார். 1980இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' வரிசை மொத்தம் 4.34 கோடி விற்றது. இந்த வரிசையில் 1982இல் வந்த 'டாங்கி காங்' கருவிக்காக அவர் சிலுவை வடிவப் பட்டன் ஒன்றை வடிவமைத்தார். இடது கட்டைவிரல் ஒன்றே நான்கு திசைகளையும் ஆளும் அந்த அமைப்பு, இன்றைக்கு எந்த நிறுவனத்தின் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

கொள்கையின் முழு வலிமை தெரிந்தது 1989இல் வந்த கேம் பாயில். யோகோயின் குழுவில் சதோரு ஒகாடா முதலிய பொறியாளர்கள் உருவாக்கிய இக்கருவியின் திரை 160க்கு 144 பிக்சல் அளவு கொண்டது. வண்ணம் கிடையாது, பச்சை படிந்த பின்புலத்தில் நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லாததால் இருட்டில் விளையாட முடியாது. அதே ஆண்டில் அடாரி நிறுவனம் வண்ணத் திரையோடு 'லின்க்ஸ்' கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் 'கேம் கியர்' வந்தது. அதன் பிக்சல் எண்ணிக்கை கேம் பாயினுடையதேதான். ஆனால் வண்ணமும் உண்டு, பின்விளக்கும் உண்டு. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும் கேம் கியரையே கையில் எடுத்திருப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. கேம் கியருக்கு ஆறு பேட்டரி. மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கே பேட்டரி, சுமார் பதினைந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாங்கும். ரீசார்ஜ் வசதி பரவலாகாத அந்தக் காலத்தில், பேட்டரிச் செலவு மாதாமாதம் பெற்றோர் பையிலிருந்து போனது. விலையிலும் பாதிக்குப் பாதி வேறுபாடு: அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர், லின்க்ஸ் சுமார் 180. கேம் பாயின் உடம்பும் உறுதியானது. வளைகுடாப் போரின்போது உருகிக் கருகிய ஒரு கேம் பாய் அதன் பிறகும் வேலை செய்தது; நியூயார்க்கிலுள்ள நிண்டெண்டோ கடையில் அது பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. வண்ணம் இல்லாததைப் பற்றி யோகோய்க்குத் தெளிவான கருத்து உண்டு. கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து பனிமனிதன் என்று சொன்னால், பார்ப்பவர் மனம் வெண்மையைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்பது அவருடைய வாதம்.

மலிவும் உழைப்பும் மட்டும் போதாது. கருவிக்கேற்ற ஆட்டம் வேண்டும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் எழுதிய 'டெட்ரிஸ்' அதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது. விழும் கட்டைகளுக்கு வண்ணம் தேவையில்லை, பெரிய திரை தேவையில்லை. ஒரு சுற்றைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். கருவியோடு நிண்டெண்டோவின் மாரியோ ஆட்டத்தைச் சேர்த்துக்கொடுத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைச் சேர்த்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்று சொல்லி, ஆட்ட வெளியீட்டாளர் ஹெங்க் ரோஜர்ஸ் அமெரிக்க நிண்டெண்டோவை அதற்கு இணங்கவைத்தார். அவர் சொன்னது பலித்தது. 1990களில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் விற்ற மலிவான 'பிரிக் கேம்' கைக்கருவிகள் இந்த ஆட்டத்தின் நகல்களே. டி.வி.யில் மாட்டி, கேசட் செருகி மாரியோ ஆடிய வீடியோ கேம் பெட்டிகளில் பெரும்பாலானவையும் நிண்டெண்டோவின் 1983ஆம் ஆண்டு 'ஃபாமிகாம்' கன்சோலின் நகல்கள். அந்த நிறுவனத்தின் பெயரை அறியாமலேயே ஒரு தலைமுறை அதன் ஆட்டங்களை ஆடி வளர்ந்தது.

1996இல் கேம் பாய்க்கு வயது ஏழு. முடிந்த கதை என்று பலரும் நினைத்த வேளையில் 'போகிமான்' வந்தது. சதோஷி தஜிரியின் கேம் ஃப்ரீக் குழு, இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிள் வழியாக உயிரினங்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும் ஆட்டத்தை உருவாக்கியது. நண்பன் இல்லாமல் முழுமையடையாத ஆட்டம் அது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து சுமார் 11.87 கோடி விற்றன; கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது.

இதே கொள்கை தவறிய இடமும் உண்டு. 1995இல் யோகோய் உருவாக்கிய 'வர்ச்சுவல் பாய்' முப்பரிமாணக் காட்சி தரும் கருவி. மலிவானவை, மின்சாரம் குறைவாக இழுப்பவை என்பதால் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளையே பயன்படுத்தினார்கள், கருப்பும் சிவப்புமான காட்சி கண்ணை உறுத்தியது. மேசைமேல் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும்; பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 7.7 லட்சம் மட்டுமே விற்று, ஓராண்டுக்குள் சந்தையிலிருந்து மறைந்தது. யோகோய் 1996இல் நிண்டெண்டோவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு சாலை விபத்தில் காலமானார். அவர் பங்காற்றிய 'வொண்டர்ஸ்வான்' கருவி 1999இல் பண்டாய் நிறுவனத்தின் பெயரில் வந்தது. அது இயங்க ஒரே ஒரு பேட்டரி போதும்.

நிண்டெண்டோவும் சில காலம் வேகப் போட்டியில் இறங்கிப் பார்த்தது. 1996இன் 'நிண்டெண்டோ 64' வலுவான சிப் கொண்டது. ஆனால் குறுந்தகட்டை ஒதுக்கி, விலை அதிகமும் கொள்ளளவு குறைவுமான கேசட்டையே பிடித்துக்கொண்டது. ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டசி 7' ஆட்டத்தை சோனியின் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைக் கடந்தபோது நிண்டெண்டோ 64 நின்றது சுமார் 3.3 கோடியில்.

2002இல் தலைவரான சதோரு இவாட்டா, ஆட்டங்களைத் தாமே நிரல் எழுதி உருவாக்கியவர். அவர் காலத்தில் பழைய பாதை திரும்பியது. 2004இன் 'நிண்டெண்டோ டி.எஸ்.' இரண்டு திரை கொண்டது, ஒன்று தொடுதிரை. சோனியின் பி.எஸ்.பி. அதைவிடப் பல மடங்கு அழகான படம் காட்டியும், டி.எஸ். 15.4 கோடி விற்றது. 2006இல் வந்த 'வீ' கன்சோலின் உள்ளே இருந்தது முந்தைய கன்சோலான கேம்கியூபின் சற்றே மேம்பட்ட வடிவம்தான். உயர்தெளிவுப் படம் கூடக் கிடையாது. அதே சமயத்தில் வந்த பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 500, 600 டாலர் விலையில் இரண்டு வகையாக விற்றது; வீயின் விலை 250. கையசைவை உணரும் ரிமோட்டை டென்னிஸ் மட்டைபோல வீசியோ பந்தை உருட்டுவதுபோல ஆட்டியோ விளையாடலாம் என்பதால், அதுவரை கண்ட்ரோலரைத் தொட்டிராத தாத்தா பாட்டிகளும் முதியோர் இல்லத்தாரும் ஆடினார்கள். விற்பனை 10 கோடியைத் தாண்டியது.

அடுத்து வந்த 'வீ யூ', புதிய கன்சோலா பழையதன் துணைக்கருவியா என்பதே வாங்குவோருக்கு விளங்காமல் 1.36 கோடியில் சரிந்தது. ஆனால் அதன் கையடக்கத் திரை என்ற எண்ணம் வீணாகவில்லை. 2017 மார்ச் 3 அன்று வெளியான 'ஸ்விட்ச்' டி.வி.யிலும் கையிலும் ஆடக்கூடியது. அதன் சிப், என்விடியா இரண்டாண்டு முன்பே வெளியிட்டிருந்த டெக்ரா எக்ஸ் 1. அந்தச் சிப்பில் 'செல்டா' வரிசையின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' போன்ற பரந்த உலகம் ஓடியதற்குக் காரணம் ஆட்டத்தை உருவாக்கியவர்களே கருவியின் எல்லையை அறிந்து, தீட்டிய ஓவியம் போன்ற காட்சி நடையைத் தேர்ந்தெடுத்தது. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது.

இந்தக் கொள்கைக்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. வலுவான கருவிகளுக்கென்று எழுதப்படும் பெரிய ஆட்டங்கள் நிண்டெண்டோவுக்கு வராமலே போகும். வந்தாலும் மங்கலாகவும் திக்கித் திக்கியும் ஓடும். ஆகவே நிண்டெண்டோவின் கருவிகள் அதன் சொந்த ஆட்டங்களை நம்பியே நிற்கின்றன. அந்த ஆட்டங்களின் விலையோ ஆண்டுகள் கடந்தும் எளிதில் இறங்குவதில்லை. மாரியோவும் செல்டாவும் பிடிக்காதவருக்கு அந்தக் கருவிகள் பயன்படா என்பதே நேர்மையான மதிப்பீடு. பெரிய கணினி ஆட்டங்களைக் கையில் வைத்து ஆட விரும்புபவருக்கு வால்வ் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு 'ஸ்டீம் டெக்' பொருத்தமானது.

2025 ஜூன் 5 அன்று வெளியான 'ஸ்விட்ச் 2' இந்த வரலாற்றில் சற்று விலகி நிற்கிறது. புதிய விளையாட்டு முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கருவியே வலுவான என்விடியா சிப்போடும் பெரிய திரையோடும், அமெரிக்காவில் 450 டாலர் விலையில் வந்தது. முதல் நான்கு நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது.