தாகத்துக்கு எத்தனை ரூபாய்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடு பறந்ததும் தென்னை சாய்ந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டன. தண்ணீர் நின்றுபோனது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. காவிரி டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்திருந்தன. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. ஜெனரேட்டர் எப்போது வருமென்று குழாயடியில் குடங்கள் வரிசையில் கிடந்தன.

நிவாரண லாரிகள் வராமல் இல்லை. மெயின் ரோட்டு ஊர்க்காரர்கள் மறித்து இறக்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. மரம் விழுந்த கிளைச் சாலைகளுக்கு அப்பால் இருந்த குக்கிராமங்களுக்குத்தான் மிச்சம் மீதி. அறிக்கையிலோ இத்தனை லாரி, இத்தனை டன் என்று ஒரே கணக்கு.

இந்தக் கணக்கையே மாற்றச் சொல்கிறார்கள் பேரிடர் சரக்குப் போக்குவரத்தை ஆராய்பவர்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் துறைமுகம் உடைந்து, ஒற்றை ஓடுபாதை விமான நிலையத்தில் நிவாரணச் சரக்கு நெரிசலில் சிக்கியது. மூன்று ஆண்டு கழித்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, டீசல், வண்டிச் செலவோடு காத்திருப்பவர் படும் பாட்டையும் செலவாகச் சேர்க்கச் சொன்னது. அந்தச் செலவு நேர்கோட்டில் ஏறாது. தண்ணீர் இல்லாமல் முதல் சில மணி நேரம் எரிச்சல், மறுநாள் மயக்கம், மூன்றாம் நாள் உயிருக்கே ஆபத்து. ஆகவே காலையில் வாங்கிய நூறு குடும்பத்தைவிட, இரண்டு நாளாக வாங்காத பத்துக் குடும்பத்துக்கே லாரி முதலில் போக வேண்டிவரலாம்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பாட்டுக்கு விலை போடுவது எப்படி? இத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஜனங்களிடமே கேட்கிறார்கள். இங்கேதான் எனக்கு உதைக்கிறது. நடவுக்குப் போகிறவர் சொல்லும் தொகை அவர் மடியில் இருப்பதைத் தாண்டாது. வருமான வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடலாம் என்பது ஆய்வாளர் தரப்பு. இருக்கலாம்.

ஆனால் நிவாரண முகாமில் ஒழுங்கான கழிவறை இல்லையென்று பொழுது சாயும்வரை தண்ணீரே தொடாத பெண்ணை எதை வைத்துச் சரிக்கட்டுவார்கள்? கேட்டால் "எனக்கு வேண்டாம்" என்பார். அந்தப் பதில் பூஜ்யமாகவே பதிவாகும்.

பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச ஸ்பியர் கையேடு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது என்று வரையறுக்கிறது. ரூபாயை விட்டு அந்த அரை மணியைப் பிடித்துக்கொள்ளலாமே. நிவாரணப் பதிவேட்டில் லாரி எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டால் போதும்: இந்தத் தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்தது எந்த நாள், எத்தனை மணிக்கு?