கடிவாளம் பிடிக்கும் கைக்கு யார் சான்று தருவது?

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989-ஐப் படித்தவர்களுக்கு ஒரு சொல் நினைவிருக்கும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அதன் 3ஆம் பிரிவில் நுழைந்த சொல் அது: குதிரை. திருமண ஊர்வலத்தில் தலித் ஒருவர் குதிரை மீது ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று நாடாளுமன்றம் எழுத வேண்டியிருந்தது. அவ்வாறு எழுதிய பிறகும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மணமகன்கள் காவல்துறைப் பாதுகாப்போடு குதிரை ஏறும் செய்திகள் ஓயவில்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோது, அவர் குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறிச் சென்றதுமே காரணம் என்று அவருடைய தந்தை புகார் அளித்தார்.

குதிரையின் முதுகு யாருக்கு என்ற கேள்வியை நாம் அறிவோம். அதே குதிரைக்குத் தீனி வைத்து, குளம்பைச் சுத்தம் செய்து, சாணத்தை அள்ளி, காய்ச்சல் கண்ட இரவில் கண்விழிக்கும் உழைப்பு யாருடையது, அதற்கு என்ன பெயர், என்ன கூலி என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்த உழைப்பைச் சட்டமும் கல்வியும் சேர்ந்து ஒரு தகுதியாக மாற்றிய நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 'பந்தயக் குதிரைப் பராமரிப்பும் மேலாண்மையும்' என்னும் பாடத்தில் உயர்நிலைத் தொழிற்பழகுநர் பயிற்சி வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அது இயங்கும் முறையைப் புரிந்துகொண்டால், நம் நாட்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

லாயத்திலிருந்து ஓர் ஏணி

இங்கிலாந்தில் தொழிற்பழகுநர் பயிற்சிகள் நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் நிலை தொடக்க நிலை. மூன்றாம் நிலையே உயர்நிலை. இந்த மூன்றாம் நிலை, அந்நாட்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குமுன் எழுதும் ஏ லெவல் தேர்வுக்கு இணையான மட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. குதிரைப் பந்தயத்தின் தலைநகர் எனப்படும் நியூமார்க்கெட்டில் உள்ள பிரிட்டிஷ் ரேசிங் ஸ்கூலும், டான்காஸ்டர் அருகிலுள்ள தேசியக் குதிரைப் பந்தயக் கல்லூரியும் இப்பயிற்சியின் முதன்மை நிறுவனங்கள்.

தொடக்க நிலையில் பழகுநர் கற்பவை அன்றாடப் பணிகள்: லாயத்தைத் துப்புரவு செய்தல், உடம்பு தேய்த்துவிடுதல், தீனி வைத்தல், சேணம் பூட்டுதல், விடியற்காலை உடற்பயிற்சிக்குக் குதிரையை ஓட்டிச் செல்லுதல். உயர்நிலையில் பொறுப்பு மாறுகிறது. காலில் சூடு தெரிந்தால் அது தசைநார்க் காயத்தின் தொடக்கமா என்று கணித்தல், நோயின் முதல் அறிகுறியைக் கண்டு கால்நடை மருத்துவரிடம் சரியாக விவரித்தல், தீனியையும் உடற்பயிற்சியையும் திட்டமிடுதல், பந்தய நாளில் குதிரையின் அடையாள ஆவணங்களோடு மைதானத்தில் பொறுப்பேற்றல், இளைய ஊழியர்களை மேற்பார்த்தல், பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றுதல் ஆகியவை பாடத்தில் அடங்கும். இவற்றில் பெரும்பகுதி வகுப்பறையில் கற்பிக்கப்படுவதில்லை. பழகுநர் ஒரு பயிற்றுநரின் லாயத்தில் ஊதியத்துக்கு வேலை செய்கிறார். மதிப்பீட்டாளர் அங்கேயே வந்து அவர் வேலையைப் பார்க்கிறார்.

இந்தத் தகுதி எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே முதன்மையானது. பந்தயக் குதிரைகளைப் பழக்கும் பயிற்றுநர் ஆவதற்கு பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு விண்ணப்பிப்போரிடம் எதிர்பார்க்கப்படும் தகுதிகளுள் ஒன்று பந்தயக் குதிரைப் பராமரிப்பிலும் மேலாண்மையிலும் மூன்றாம் நிலைச் சான்று. சாணம் அள்ளியவர் முதலாளியின் இடத்துக்குப் போகும் பாதையில் அவருடைய அனுபவமே ஒரு படியாக எழுதப்பட்டிருக்கிறது. அப்பாதையில் எல்லோரும் ஏறிவிடுவதில்லை. குதிரைகளும் நிலமும் வாங்கப் பெரும் பணம் வேண்டும். ஆயினும் பாதை இருக்கிறது என்று விதியே சொல்வதற்கும், பாதையே இல்லை என்பதற்கும் வேறுபாடு பெரிது.

கருணையால் வந்ததன்று

இந்த ஏணியை முதலாளிகளின் நல்லெண்ணம் மட்டும் கட்டவில்லை. முந்தைய தலைமுறைகளில் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர்கள் பல ஆண்டு ஒப்பந்தத்தில் பயிற்றுநரிடம் கட்டுண்டு, சொற்பக் கூலிக்கு உழைத்தார்கள். ஜாக்கி ஆகும் கனவு அவர்களை அங்கே நிறுத்தியது. மிகச் சிலரே ஜாக்கி ஆனார்கள். வளர்ந்த ஆண்களையும் 'லாயப் பையன்' என்றே அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. வயது எவ்வளவானாலும் நம் ஊர்த் தெருக்களில் எவரெல்லாம் 'டேய்' என்று அழைக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1975இல் நியூமார்க்கெட் லாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்ட உயர்வு வாரத்துக்கு ஒன்றரைப் பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. அவ்வாண்டு மே மாதத்தில் அங்கு நடந்த புகழ்பெற்ற கின்னீஸ் பந்தயங்களின்போது தொழிலாளர்கள் ஓடுபாதையை மறித்தார்கள். பந்தயம் பார்க்க வந்த கனவான்கள் அவர்கள்மீது பாய்ந்தார்கள். மாதக்கணக்கில் நீண்ட அப்போராட்டத்துக்குப் பின்னரே நாடு தழுவிய ஊதிய உடன்பாடு உருவானது. இன்று பந்தய ஊழியர்களின் தேசியச் சங்கம் பயிற்றுநர்களின் கூட்டமைப்போடு ஊதியத்தைப் பேசி முடிவு செய்கிறது. சான்றிதழ் மதிப்புப் பெற்றது, அதன் பின்னால் சங்கம் நின்றதாலும்தான்.

குறைகளும் உண்டு. பழகுநருக்கான குறைந்தபட்ச ஊதியம் தனியாக, தாழ்வாக வைக்கப்பட்டுள்ளது. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 7.55 பவுண்டு, 21 வயது நிரம்பிய தொழிலாளிக்கு 12.21 பவுண்டு. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பயிற்சியின் முதல் ஆண்டில் உள்ளவர்களுக்கும் இந்தத் தாழ்ந்த விகிதம் பொருந்தும். ஏணியின் அடியில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வியும் அங்கே எழுகிறது. 2019இல் குட்வுட் மைதானத்தில் ஹிஜாப் அணிந்து மக்னோலியா கோப்பையை வென்ற லண்டன் மாணவி கதீஜா மெல்லா, கறுப்பின, ஏழை இளைஞர்கள் மிகுந்த பிரிக்ஸ்டன் பகுதியின் எபனி ஹார்ஸ் கிளப்பில் சவாரி கற்றவர். அவ்வெற்றிக்குப் பிறகே, விளிம்புநிலைச் சமூகங்களின் இளைஞர்களைப் பந்தயத் தொழிலுக்குக் கொண்டுவரும் 'ரைடிங் எ டிரீம் அகாடமி' 2021இல் தொடங்கப்பட்டது. ஏணி இருந்தால் மட்டும் போதாது, அதன் முதல் படிக்குச் செல்லும் கதவும் திறக்க வேண்டும் என்பதை அங்கும் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

பழகுநர் தொழிலாளியா?

சட்ட மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் செய்துகொள்ளப்படும் பழகுநர் உடன்பாடு ஒரு பணி ஒப்பந்தமாகவே கருதப்படுகிறது. பழகுநர் ஓர் ஊழியர். விடுப்பு, ஊதியச் சீட்டு, பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு யாவும் அவருக்கு உண்டு.

இந்தியாவின் தொழிற்பழகுநர் சட்டம், 1961 இதற்கு நேர்மாறான இடத்தில் நிற்கிறது. அதன் 18ஆம் பிரிவு, பழகுநர் ஒரு பயிற்சியாளரே, தொழிலாளி அல்லர் என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் சேர்த்துச் சொல்கிறது. கிடைப்பது ஊதியமன்று, உதவித்தொகை. 22ஆம் பிரிவின்படி பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. 2014 திருத்தம், பயிற்சி முடித்தவர்களைப் பணியமர்த்துவது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது முன்னுரிமையே, வேலைக்கான உறுதியன்று.

ஆனால் நம் சட்டத்தில், இங்கிலாந்தின் சட்டத்தில் இல்லாத ஒன்று உண்டு. 3ஏ பிரிவு, குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு தொழிலிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும் என்கிறது. இக்கடமை தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். தனியார் துறையில் இட ஒதுக்கீடே கிடையாது என்று எண்ணும் தோழர்கள் இப்பிரிவை ஒருமுறை வாசிக்க வேண்டும். அதே வேளையில், 2014 திருத்தம் முதலாளியே வடிவமைக்கும் 'விருப்பத் தொழில்' என்னும் புதிய வகையையும் கொண்டுவந்தது. ஒதுக்கீட்டுப் பிரிவின் சொற்களோ, அரசு குறிப்பிட்ட தொழில்களைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே ஒரு பயிற்சி எந்த வகையின்கீழ் நடத்தப்படுகிறது என்பது வெறும் நிர்வாக விவரம் அன்று. உரிமை பற்றிய கேள்வி.

கிண்டியில் கண்டறியப்பட்ட திறன்

1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைச் சட்டத்தால் ஒழிக்க முனைந்தது. அவ்வழக்கு டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. குதிரைப் பந்தயம் சூதன்று, திறனின் விளையாட்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழக்கத்தால் வந்த குதிரையின் வேகமும் வலிமையும், ஜாக்கியின் தேர்ச்சி, இவற்றை ஆராய்ந்து பணம் கட்டுபவரின் கணிப்பு ஆகியவை அந்த முடிவுக்கு ஆதாரமாயின.

குதிரையிடம் திறன் உண்டு, ஜாக்கியிடம் உண்டு, பணம் கட்டுபவரிடமும் உண்டு. அந்தக் குதிரையை நாள்தோறும் ஓடத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் லாயக்காரரின் திறன் என்னவாயிற்று? திறன் என்ற ஒரு சொல்லின் பலத்தில் ஒரு தொழில் முழுவதும் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அச்சொல் அந்தத் தொழிலின் அடித்தட்டுக்கு இறங்கவில்லை.

இதைக் குதிரை லாயத்தோடு நிறுத்திவிட முடியாது. தோல் பதனிடுவோர், பறை கட்டுவோர், கால்நடை பேணுவோர் எனத் தலைமுறைகளின் அறிவைக் கையில் வைத்திருப்போரின் உழைப்பைச் சாதி 'பிறவித் தொழில்' என்றது. கூலிப் பட்டியல் அதையே 'திறனற்ற வேலை' என்று பெயர்த்தது. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன் 6ஆம் பிரிவு, குறைந்தபட்ச ஊதியத்தைத் தீர்மானிக்கும்போது திறனற்ற, ஓரளவு திறன் பெற்ற, திறன் பெற்ற, மிகுதிறன் பெற்ற என்ற வகைகளைக் கருத வேண்டும் என்கிறது. எந்த வேலையை எந்தப் பெட்டியில் போடுவது என்பதே கூலியைத் தீர்மானிக்கிறது. அண்ணல் அம்பேத்கர், சாதி என்பது தொழில்களின் பிரிவினை மட்டுமன்று, தொழிலாளர்களையே படிநிலையில் பிரிப்பது என்று 1936இல் விளக்கினார். அந்தப் படிநிலை இன்றும் வாழும் இடங்களில் ஒன்று, இந்தத் திறன் பெட்டி.

நாம் கேட்க வேண்டியவை

முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ளது. ஆனால் அந்தச் சான்று கூலியை உயர்த்தும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. சான்று பெற்றவரை உரிய ஊதிய வகையில் சேர்க்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கையாக வேண்டும்.

இரண்டாவது, 3ஏ பிரிவின் நடைமுறை. உங்கள் மாவட்டத்திலுள்ள பொதுத்துறை நிறுவனங்களில் எத்தனை பழகுநர் இடங்கள் உள்ளன, எத்தனை ஒதுக்கப்பட்டன, எத்தனை நிரம்பின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மாணவரே கேட்கலாம். 22ஆம் பிரிவின்படி வகுக்கப்பட்ட பணியமர்த்தல் கொள்கையின் நகலையும் அதே மனுவில் கோரலாம்.

மூன்றாவது, பழகுநராகச் சேரும் தம்பி தங்கையருக்கு: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அது எந்தத் தொழிலுக்கானது என்று பாருங்கள், பதிவு செய்யப்பட்டதை உறுதி செய்யுங்கள், நகலைக் கையில் வைத்திருங்கள். பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் உங்களை ஈடுபடுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. பயிற்சியின்போது காயம்பட்டால் 16ஆம் பிரிவின்படி இழப்பீடு உண்டு. இயந்திரம் கற்க வந்தவரின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால், எல்லாப் பழகுநருக்கும் அது கொடுக்கப்படுகிறதா, உங்களுக்கு மட்டுமா என்று குறித்து வையுங்கள். நாள், நேரம், சொன்னவர் பெயர் என எழுதிவைத்த குறிப்பே பின்னர் சாட்சியமாகும்.

குதிரை ஏறும் உரிமைக்காகச் சட்டத்தில் ஒரு வரியைப் பெற்றிருக்கிறோம். குதிரையைப் பேணும் கைக்கு உரிய பெயரையும் கூலியையும் பெறும் வரி இன்னும் எழுதப்படவில்லை. 1975இல் நியூமார்க்கெட்டின் ஓடுபாதையை மறித்தவர்கள் கேட்டதும் அதைத்தான்.