பொழுதுபோக்கு ட்ரோன்: விலக்கும் பொறுப்பும்

இந்தியாவில் ஆளில்லா விமானங்களின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் ட்ரோன் விதிகள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்டன. முந்தைய விதிகள் கோரிய படிவங்களையும் கட்டணங்களையும் இவை வெகுவாகக் குறைத்துவிட்டதால், பாதுகாப்பின் பெரும்பங்கு இன்று ட்ரோனை இயக்குபவரையே சார்ந்திருக்கிறது.

இவ்விதிகள் சுமையோடு சேர்த்த மொத்த எடையைக் கொண்டு ட்ரோன்களை ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றன. 250 கிராமுக்கு மேற்படாதது நானோ எனவும், அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ எனவும் வழங்கப்படுகின்றன. பொழுதுபோக்குக்காக வாங்கப்படுபவை பெரும்பாலும் இவ்விரு வகைகளில் அடங்கும். நானோ ட்ரோனையும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோனையும் இயக்குவதற்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், அதே மைக்ரோ ட்ரோனைக் கொண்டு கூலிக்குத் திருமணப் படம் எடுப்பது வணிகமாகக் கருதப்படுவதால், அதற்குச் சான்றிதழ் அவசியமாகிறது. மேலும், சான்றிதழிலிருந்து பெறும் விலக்கு பதிவுக்குப் பொருந்தாது. வாகனத்துக்குப் பதிவெண் இருப்பதுபோல, ட்ரோனுக்கும் அரசின் இணையதளத்தில் பதிவுசெய்து தனி அடையாள எண் பெறவேண்டும்.

எங்கே பறக்கவிடலாம் என்பதை வான்வெளியின் மூன்று மண்டலங்கள் தீர்மானிக்கின்றன. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி உயரம் வரையிலும், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரையிலும் முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒரு பகுதி தற்காலிகமாகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கப்படக்கூடும் என்பதால், நேற்று பறக்கவிட்ட இடம்தானே என்று எண்ணாமல், ஒவ்வொரு முறையும் மண்டல வரைபடத்தைப் பார்த்தறிவது இயக்குபவரின் கடமையாகும்.

ஆட்கள் பயணிக்கும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் ட்ரோன் எப்போதும் வழிவிட்டு விலகவேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். நானோ தவிர்த்த பிற வகைகளுக்குப் பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகும். விதிகளை மீறுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

பெரும்பாலான ட்ரோன்களில் கேமரா இருப்பதால் அந்தரங்கம் குறித்த கேள்வியும் உடன் எழுகிறது. அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமையே என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்துள்ளது. பெண்ணின் தனிமையான தருணங்களை மறைந்திருந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். ஆகவே, பச்சை மண்டலம் என்பதாலேயே அடுத்தவர் வீட்டு மாடியைப் படமெடுக்கும் உரிமை எவருக்கும் கிடைத்துவிடாது. ட்ரோன் வாங்க விரும்புவோர், விலையை விசாரிப்பதற்கு முன்பே அதன் எடையையும், பதிவு நடைமுறையையும், தம் ஊர் எந்த மண்டலத்தில் அமைந்துள்ளது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.