அகத்தியரை அளப்பது எப்படி?

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கம் தெற்கு நோக்கி நின்றால், இரண்டு பிரகாசமான விண்மீன்கள் மேலும் கீழுமாகத் தெரியும். மேலே இருப்பது சிரியஸ். கீழே, அடிவானத்திலிருந்து சுமார் 25 டிகிரி உயரத்தில் இருப்பது அகத்தியர் விண்மீன், வானியலில் கனோபஸ். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அப்படி இரண்டரை முஷ்டி உயரம்.

இரவு வானின் விண்மீன்களில் பிரகாசத்தில் சிரியசுக்கு முதலிடம், அகத்தியருக்கு இரண்டாமிடம். ஆனால் இது கண் போட்ட வரிசை. சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள பக்கத்து வீட்டுக்காரர். அகத்தியரோ சுமார் 310 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறார். இன்று நாம் காணும் அவருடைய ஒளி, செஞ்சியில் ராஜா தேசிங்கு போரில் மடிந்த 1714-ஐ ஒட்டிய காலத்தில் புறப்பட்டது.

இந்தத் தொலைவை எப்படி அளந்தார்கள்? பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன்கள் இம்மியளவு இடம் மாறுவதுபோல் தோன்றும். 1989-ல் ஐரோப்பா ஏவிய ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் அதைத் துல்லியமாக அளந்தது. தொலைவு தெரிந்தால் உண்மையான ஒளியைக் கணக்கிட்டுவிடலாம். சிரியஸ் சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு ஒளிர்கிறது. அகத்தியர் 10,000 மடங்குக்கு மேல்!

நிறமாலை வெப்பநிலையைச் சொல்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அகத்தியருடையது 7,000-ஐ ஒட்டியது. சூடு கொஞ்சம்தான் கூடுதல், ஒளியோ பல்லாயிரம் மடங்கு என்றால், உருவம் மிகப் பெரிதாக இருந்தாக வேண்டும். ஆம், விட்டம் சூரியனைப்போல் சுமார் 70 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால், அதன் விளிம்பு புதன் கோளின் பாதையை நெருங்கிவிடும். மையத்து ஹைட்ரஜனை எரித்துத் தீர்த்தபின் உப்பிப்போன ராட்சத விண்மீன் இது.

1964-ல் செவ்வாய்க்குப் புறப்பட்ட மாரினர் 4 விண்கலம், திசை தவறாமலிருக்கச் சூரியனோடு இந்த விண்மீனையும் குறியாகக் கொண்டது.

டெல்லியில் இது 9 டிகிரிக்கு மேல் ஏறாது. லண்டனில் உதிப்பதே இல்லை. நமக்கு அந்தக் குறை கிடையாது. கள்ளக்குறிச்சிப் பள்ளிகள் பெரியார் அருவிக்குச் சுற்றுலா போகும்போது, அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு மலையில் தங்கிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். தொலைநோக்கி வேண்டாம், விளக்குகளை அணைத்தால் போதும்.