பாட்டி கடக்க எத்தனை விநாடி?

காலை எட்டரை மணி. சிக்னல் ஓரம், டீக்கடைக்குப் பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். சிவில் மூன்றாம் ஆண்டு. கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய தாள். நான்கு வண்டிக்கு நான்கு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. டூ வீலர் எண்ணும் பெண்ணுக்குத்தான் பேனா நிற்கவே இல்லை.

அவர்களோடு பேராசிரியரும் நிற்கிறார். "எண்ணிக்கிட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு அறையில் உட்காரும் ஆசிரியர்களையே பார்த்துப் பழகிய எனக்கு, அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

போக்குவரத்துப் பொறியியலில் பி.சி.யூ. என்று ஒரு கணக்கு உண்டு. கார் ஒன்று என்றால் மற்ற வண்டிகள் எவ்வளவு? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியில் டூ வீலர் 0.5 முதல் 0.75, பஸ், லாரி 2.2 முதல் 3.7. எல்லாரும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய எண்கள்தான். சாலையில் நின்றபோதுதான் ஒரு பையனுக்குக் கேள்வி வந்தது.

"சார், அந்த பஸ்ல அறுபது பேராவது தொங்கிட்டுப் போறாங்க. நம்ம தாள்ல அது மூணு, நாலு கார்தானா?"

பேராசிரியர் பாடம் எடுக்கவில்லை. "அப்போ நாளைக்கு வண்டியை விட்டுட்டு ஆளை எண்ணிப் பார்ப்போமா?" என்றார்.

மறுநாள் ஆளை எண்ணும்போது இன்னொன்று தெரிந்தது. கூடையோடு ஒரு பாட்டி சாலையைக் கடந்தார். செல்போனில் நேரம் பிடித்தாள் அந்தப் பெண்: 19 விநாடி. நாடாவை விரித்துப் பார்த்தால் சாலையின் அகலம் 14 மீட்டர். நடப்பவர் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று பாடத்தில் இருக்கிறது. சிக்னலை அதன்படி அமைத்தால் 12 விநாடி போதும். மீதி 7 விநாடி பாட்டி வண்டிகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பார். எந்தப் பாடப்புத்தகமும் அந்த ஏழு விநாடியை அந்தப் பெண்ணுக்கு இப்படிக் காட்டியிருக்காது.

இது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் நெடுங்காலம் நடைவேகத்தை விநாடிக்கு 4 அடி என்றே கணக்கிட்டார்கள். 2009-ஆம் ஆண்டு விதிநூலில் 3.5 அடியாகக் குறைத்தார்கள். சாலையோரம் நின்று மனிதர்களின் நடையை அளந்த ஆய்வுகள் அதற்கு அடித்தளம்.

மாணவர்களின் போக்குவரத்து ஆய்வு என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது சென்னை ஐ.ஐ.டி.யின் ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் அணி. 2017-இல் தொடங்கிய அணி, இன்று தையூர் வளாகத்தில் 422 மீட்டர் குழாய்ச் சோதனைப் பாதை வரை வந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அப்படியொரு குழாயும் ரயில்வே அமைச்சகத்தின் நிதியும் கிடைக்காது. சிக்னல் எல்லா ஊரிலும் இருக்கிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கிச் சமர்ப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்து நொந்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்ல; வெயிலில் கூடவே நிற்க ஓர் ஆசிரியர் அமையவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் போனபோது தாளே மாறியிருந்தது. வண்டிகளுக்கான கட்டங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் பையன் கையால் கோடு போட்ட புதுக் கட்டங்கள்: முதியவர், குழந்தையோடு வருபவர், சுமையோடு வருபவர்.

"சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துக்கும் வரலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.