கார் ஷெட்டுக் கச்சேரி

அந்த அம்மாளுக்குக் கைரேகை பார்க்கத் தெரியும். ஒரு நாள் மகன் ஆஸ்டினின் கையைப் பிடித்துப் பார்த்து மூன்று விஷயங்கள் சொன்னார். செம்பொன் நிறக் கூந்தல் உள்ள பெண் அவனுக்கு மனைவியாக வாய்ப்பாள் என்பது ஒன்று. தன் காலத்துக்குப் பிறகு அவனுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறக்கும் என்பது இரண்டாவது. அவனுடைய பெண்கள் வாத்திய கோஷ்டி அமைத்துப் பெரும் பெயர் எடுப்பார்கள் என்பது மூன்றாவது.

முதல் இரண்டும் பலித்துவிட்டன. விட்டுவிடுவாரா ஆஸ்டின் விக்கின்? மூன்றாவதும் பலித்தே தீரவேண்டும் என்று கச்சை கட்டிக்கொண்டு கிளம்பினார். அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்தில், ஃபிரீமான்ட் என்ற சின்னஞ்சிறு ஊர். மில்லில் கூலி வேலை. பெண்களுக்கோ சங்கீதத்தில் அப்படியொன்றும் ஆசை கிடையாது. அதனால் என்ன? கித்தார் வந்தது. டிரம் வந்தது. பெண்களின் பள்ளிக்கூடம் நின்றது!

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் காலத்து அமெரிக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

காருக்குத் தெரு, பையனுக்கு ஷெட்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புதிது புதிதாகக் குடியிருப்புகள் முளைத்தன. வீட்டுக்கு ஒரு கார். காருக்கு ஒரு ஷெட். அதை அங்கே ‘கராஜ்’ என்பார்கள்.

1964 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை இரவு. இங்கிலாந்திலிருந்து வந்த ‘பீட்டில்ஸ்’ என்ற நான்கு வாலிபர்கள் எட் சல்லிவன் என்பவரின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் பாடினார்கள். பார்த்தவர்கள் ஏறக்குறைய 7 கோடி 30 லட்சம் பேர். மறுநாள் காலையில் ஊருக்கு ஊர் பையன்களுக்கு ஒரே ஆசை: நாமும் கோஷ்டி சேர்க்கவேண்டும்!

கித்தாருக்கு எங்கே போவது? சியர்ஸ் என்ற பெரிய கடையின் காட்டலாக் வீட்டுக்கு வீடு வரும். அதில் எழுபது டாலருக்குள் ஒரு கித்தார் இருந்தது. அதன் பெட்டியிலேயே ஒலிபெருக்கியும் இருந்தது. பெட்டியைத் திறந்து, மின்சாரத்தைச் செருகினால் கச்சேரி ஆரம்பம். மூன்று ‘கார்டு’ வாசிக்கத் தெரிந்தால் போதும். மீதியைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். கூடத்தில் வாசித்தால் அம்மா சும்மா இருப்பாளா? காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு ஷெட்டில் வாசித்தார்கள். ‘கராஜ் ராக்’ என்று பின்னாளில் இந்தச் சங்கீதத்துக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

அரசாங்கம் துப்பறிந்த பாட்டு

இந்த வகைக்கு மூலமந்திரம் போல ஒரு பாட்டு உண்டு: ‘லூயி லூயி’. ஊருக்குத் திரும்பித் தன் காதலியைப் பார்க்கத் துடிக்கும் ஜமெய்க்கா மாலுமி பாடுவதாக அமைந்த சாதுவான பாட்டு. எழுதியவர் ரிச்சர்ட் பெரி என்ற கறுப்பர்.

போர்ட்லண்ட் நகரத்தின் ‘கிங்ஸ்மென்’ என்ற இளைஞர் கோஷ்டி 1963-ல் அதை ரிக்கார்டு செய்தது. மைக்கையோ உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பாடிய ஜாக் ஈலியின் பல்லில் கம்பி கட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்துக் கத்தினார். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ரிக்கார்டு பிய்த்துக்கொண்டு போயிற்று.

விளங்காத பாட்டில் ஏதோ விபரீதம் இருக்கிறது என்று பெற்றோருக்குச் சந்தேகம். ஆபாசம் என்றார்கள். அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் பறந்தது. எஃப்.பி.ஐ. துப்பறியும் இலாகா ரிக்கார்டை வேகமாகச் சுழற்றிக் கேட்டது. மெதுவாகச் சுழற்றிக் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் கேட்டுவிட்டு, எந்த வேகத்தில் கேட்டாலும் ஒன்றும் புரியவில்லை என்று ஃபைலை மூடிவிட்டது!

பாட்டை எழுதிய பெரியின் கதைதான் மனத்தைத் தொடுகிறது. கல்யாணச் செலவுக்குப் பணம் இல்லாமல், அந்தப் பாட்டின் உரிமையை வெறும் 750 டாலருக்கு அவர் முன்பே விற்றுவிட்டிருந்தார். உலகமே பாடிய பாட்டிலிருந்து வெகு காலம் அவருக்குப் பெரிதாக ஏதும் வரவில்லை. 1980-களில் சட்டத்தின் துணையால் உரிமை திரும்பியது. வயதான காலத்தில் பெரும் பணம் வந்தது. 1997-ல் காலமானார்.

வயலும் வீடும் தந்த வாத்தியக்காரர்கள்

1966-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘96 டியர்ஸ்’ பாட்டைப் பாடியவர்கள் மிச்சிகன் மாகாணத்துப் பையன்கள். மெக்ஸிகோவிலிருந்து பண்ணை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பாடகர் தம் பெயரையே கேள்விக்குறியாக மாற்றிக்கொண்டார். ஆமாம், எழுத்தே இல்லை, வெறும் ‘?’ தான்! கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவரைக் காண்பது அரிது.

பெண்கள் மட்டும் பின்வாங்குவார்களா? டெட்ராய்ட் நகரத்தில் குவாட்ரோ சகோதரிகள் இருந்தார்கள். தகப்பனார் ஜாஸ் வித்வான். 1964-ல் அக்கா பாட்டி தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு கோஷ்டி அமைத்தாள். ஆளுக்கொரு வாத்தியமாக எல்லோரும் பொறுக்கிக்கொண்டு போக, பதினாலு வயதுத் தங்கை சூஸிக்கு மிஞ்சியது பேஸ் கித்தார். தகப்பனார் தம்மிடமிருந்த கித்தாரையே எடுத்துக் கொடுத்தார். அந்தத் தங்கைதான் 1973-ல் இங்கிலாந்தின் பாட்டு வரிசையில் முதலிடத்தைப் பிடித்த சூஸி குவாட்ரோ. மிஞ்சிய வாத்தியமே அவருக்கு வாழ்க்கையாகிவிட்டது.

அப்பாவின் ஆணை

இப்போது ஃபிரீமான்டுக்குத் திரும்புவோம்.

ஹெலன், டாட், பெட்டி. தபால் மூலம் வீட்டிலேயே படிப்பு. காலையில் சாதகம், மத்தியானம் சாதகம், ராத்திரியும் சாதகம். நடுவில் தேகப்பயிற்சி வேறு. சிநேகிதிகள் கிடையாது, வெளியே போவது கிடையாது. சனிக்கிழமை தோறும் ஊர்ப் பொது மண்டபத்தில் கச்சேரி. ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். சோடா டின் பறந்து வந்தது.

1969 மார்ச்சில் ஆஸ்டின் மூவரையும் ரிக்கார்டு நிலையத்துக்கு அழைத்துப் போனார். பெண்கள் இன்னும் தயாராகவில்லை என்று அங்கிருந்தவர்களுக்குத் தோன்றியது. தகப்பனார் கேட்கவில்லை, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்றார். கித்தார் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம், பாட்டு வேறொரு பக்கம். ‘ஷாக்ஸ்’ என்ற பெயரில் ஆயிரம் பிரதிகள் அச்சாயின. அவற்றில் சுமார் தொள்ளாயிரம் போன இடம் தெரியவில்லை.

பாட்டுகளை எழுதியவள் டாட். காணாமல் போன பூனையைப் பற்றி ஒன்று. பெற்றோர் என்பவர் யார் என்று ஒன்று. எப்போதும் நம்மேல் அக்கறை உள்ளவர்களே பெற்றோர் என்பது அதன் சாரம். வீட்டை விட்டு வெளியே விடாத அப்பாவின் பெண் எழுதிய பாட்டு இது! கேட்கிறபோது என்னவோ செய்கிறது.

மூத்தவள் ஹெலன் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டாள். சொல்ல பயந்து, சில மாதங்கள் தகப்பனார் வீட்டிலேயே இருந்தாள். 1975-ல் ஆஸ்டின் மாரடைப்பால் மாண்டார், வயது 47. கோஷ்டியும் அன்றோடு முடிந்தது. சகோதரிகள் வாத்தியங்களை வைத்துவிட்டுக் குடும்பத்தையும் வேலையையும் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆனால் ரேகை பொய்க்கவில்லை. 1980-ல் அந்த இசைத்தட்டு மறுபடி வெளிவந்தது. ரசிகர்கள் வியந்தார்கள், ‘நிர்வாணா’ கோஷ்டியின் கர்ட் கோபேன் தமக்குப் பிடித்தவற்றில் ஒன்றாக அதைக் குறித்து வைத்தார். அவர்கள் கதை நாடகமாகவும் மேடையேறியது. ஹெலன் 2006-ல் காலமானார். டாட்டும் பெட்டியும் 2017-ல் ஒரு விழாவில் மீண்டும் மேடை ஏறினார்கள். தாங்களாக ஆசைப்பட்டு அல்ல, அப்பாவுக்குக் கீழ்ப்படிந்தே அந்த நாளில் வாசித்தோம் என்றுதான் அவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அணையாத அடுப்பு

வியட்நாம் யுத்தத்துக்குக் கட்டாய ஆள் சேர்ப்பு வந்தது, கல்லூரி வந்தது, ரசனையும் மாறியது. 1960-கள் முடிவதற்குள் எத்தனையோ ஷெட்டுகளுக்குக் கார்கள் திரும்பிவிட்டன. 1972-ல் லென்னி கே என்ற இளைஞர், மறந்துபோன 27 பாட்டுகளைத் திரட்டி ‘நக்கெட்ஸ்’ என்ற பெயரில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட உதவினார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மறுபடி வாத்தியத்தைத் தூக்கினார்கள். 1997-ல் அதே டெட்ராய்ட்டில் ஜாக், மெக் என்ற இருவர் ‘வொயிட் ஸ்டிரைப்ஸ்’ தொடங்கினார்கள். உடன்பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் கணவன் மனைவியாக இருந்தவர்கள்! கித்தாரும் டிரம்மும் மட்டுமே வைத்துக்கொண்டு உலகை வென்றார்கள்.

2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நூலகம் ஒன்றில் நான்கு சிறுமிகள் வாசித்தார்கள். கோஷ்டியின் பெயர் ‘லிண்டா லிண்டாஸ்’. சகோதரிகள் இருவர், ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி, சிநேகிதி ஒருத்தி. டிரம் அடித்தவளுக்கு வயது பத்து. சீனர்களிடமிருந்து விலகி இருக்கும்படி தன் தகப்பனார் சொன்னதாக வகுப்புப் பையன் ஒருவன் அவளிடம் சொல்லியிருந்தான். அவள் அழுது ஓயவில்லை; ஒன்றுவிட்ட சகோதரியுடன் சேர்ந்து அதையே பாட்டாக்கிவிட்டாள். உலகம் முழுவதும் கேட்டது. ரிக்கார்டு தயாரிப்பில் கைதேர்ந்த அவள் தகப்பனார், 2022-ல் வந்த அவர்கள் முதல் இசைத்தட்டைத் தயாரித்துக் கொடுத்தார்.

மூன்று அப்பாக்களைப் பார்த்தோம். ஒருவர் தம் கித்தாரைக் கொடுத்தார். ஒருவர் தம் தொழில் திறமையைக் கொடுத்தார். ஒருவர் தம் கனவையே பெண்களின் தோளில் ஏற்றி வைத்தார். மூவருக்கும் பாசத்தில் குறைவில்லை. ஆனால் முதல் இருவரின் பெண்கள் தாங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாமவரின் பெண்களை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெண் நாளைக்கு ஏதோ ஒரு வாத்தியத்தை எடுத்து அபஸ்வரமாக இழுத்தால், ஒரு வாரம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பொறுத்துப் பாருங்கள். அதற்கு அடுத்த வாரம் அவள் அதைத் தொடவில்லையா? அப்போதும் பொறுத்துக்கொள்ளுங்கள்!