தேவகியின் துயரும் கோசலையின் தாலாட்டும்

அன்னையைப் பாடாத புலவர் அரியர். தாய்மைக்குப் பூமாலை சூட்டி வணங்கியவர் பலர். தாயின் தோள்மேல் ஏறியிருக்கும் பாரத்தைக் கண்டு உரைத்தவர் சிலர். நம் புலவருள் தலைசிறந்தோர் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டனர். நாடு விட்டு வந்து, பாலக்காட்டு ஊர்களிலும் இடுக்கி மலைகளிலும் குடும்பம் நடத்தும் நமக்கு அவர்தம் பாடல்கள் வெறும் இலக்கியச் சுவை தருவன மட்டும் அல்ல.

புறநானூற்றை முதலில் நோக்குவோம். பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் முதிரமலைத் தலைவன் குமணனைக் காணச் செல்கின்றார். அவர் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துச் சுவைத்து அழுகின்றது குழவி. குழவியின் முகத்தை நோக்குகின்றாள் தாய். நீர் நிறைந்த அவள் கண்களை நோக்குகின்றார் புலவர். அக்காட்சியே அவரை வள்ளலிடம் நடக்கச் செய்கிறது. வறுமையின் முழுப்பாரமும் முதலில் வந்து விழும் இடம் தாயின் மடி என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலுமோ?

அதே நூலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் தாய் வேறொருத்தி. மகன் போரில் புறமுதுகிட்டான் எனப் பிறர் கூறக் கேட்டுச் சினந்து, வாளேந்திக் களம் புகுகின்றாள். உடல் சிதைந்து வீழ்ந்த மகனைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கின்றாள். திருக்குறளில் மக்கட்பேறு பாடிய வள்ளுவரும் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயின் மகிழ்ச்சியை அளக்க அதே அளவுகோலையே எடுத்தார். பெற்ற நாளில் நோவும் உண்டு, உவகையும் உண்டு. அதனாலன்றோ தாயின் இன்பத்துக்கு அந்நாள் அளவாயிற்று!

இனி நம்மை நெருங்கித் தொடும் புலவர் ஒருவரைக் காண்போம். அவர் சேர நாட்டு அரசராகிய குலசேகர ஆழ்வார். இன்று நாம் வாழும் மண்ணைத் தன்னுட்கொண்ட நாடு அது. அவர் அருளிய பெருமாள் திருமொழியில் ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பல். எட்டாம் பதிகம் கோசலையின் தாலாட்டு. பெற்றும் வளர்க்கப் பெறாதவள் தேவகி. கண்ணனின் மழலையும், தவழ்ந்த அழகும், வெண்ணெய் உண்ட விளையாட்டும் யசோதைக்கே வாய்த்தன. தனக்கு ஒன்றும் வாய்க்கவில்லையே என அரற்றுகின்றாள். அந்த அழுகை ஓய்ந்ததும் அடுத்த பதிகத்திலேயே கோசலை இராமனைத் தாலாட்டுகின்றாள். மகவை இழந்த மடியையும் மகவு நிறைந்த மடியையும் அருகருகே வைத்தார் ஆழ்வார்.

தேவகி பழங்கதை மாந்தர் என எண்ணிவிட வேண்டா. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யான் அவளைப் பன்முறை கண்டிருக்கின்றேன். பழனி, பொள்ளாச்சி வழியாக வண்டியேறிச் சொந்த ஊர் செல்லும் தாயின் இடுப்பில் குழந்தை இருக்கும். சில நாள் கழித்துத் திரும்பி இறங்குகையில் இடுப்பு வெறுமையாய் இருக்கும். வேலைக்குச் செல்லவேண்டி, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்திருப்பாள். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை. ஆதலால் அப்பிரிவு எங்கள் கணக்கேட்டில் ஏறுவதில்லை. புலவர் ஏட்டில் மட்டுமே ஏறியிருக்கிறது.

தேயிலை மலைகளிலோ, காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் மகவைக் காப்பகத்தில் விட்டுச் செல்வாள். 50 பெண்களோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பேறுகால விடுப்பு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது; 2017இல், முதல் இரு மகவுகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு, 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். சுமை சுமந்தவர்களே அதனை உரைக்கவும் முன்வந்தனர்.

நம் அண்டை மொழியாகிய மலையாளமும் இதனை நன்கு பாடியிருக்கிறது. இடசேரி கோவிந்தன் நாயரின் ‘பூதப்பாட்டு’ என்னும் கவிதையில், பூதம் கவர்ந்து சென்ற தன் மகனை மீட்கத் தாய் தன் கண்களையே பிடுங்கிக் கொடுக்கின்றாள். பூதமும் தோற்று, பிள்ளையையும் கண்களையும் திருப்பித் தருகிறது. பாலாமணி அம்மா (1909–2004) தாய்மையைப் பாடியே புகழ் பெற்றவர். 1934இல் ‘அம்மா’ என்ற நூலை வெளியிட்டவர், 1962இல் ‘முத்தச்சி’ எனப் பாட்டியைப் பாடி, 1965ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றார்.

அன்பர்களே! இப்புலவர் எவரும் தாய் சுமந்துகொண்டே இருக்கட்டும் என்று கூறவில்லை. சாத்தனார் தாயின் கண்ணீரைக் கண்டு கவிதையோடு நின்றுவிடவும் இல்லை, எழுந்து நடந்தார். நாமோ தாயைத் தெய்வம் என்று போற்றிவிட்டு, தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வீட்டுக்கணக்கையும் அத்தெய்வத்தின் தலையிலேயே ஏற்றிவைக்கின்றோம். மலையாளப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. வேலை முடிந்து வந்த மாலைப்பொழுதில் தந்தையரும் ஒரு நாழிகை பிள்ளையை மடியில் இருத்தித் தமிழ் எழுத்தைக் காட்டுக. பாட்டியர் பாடும் தாலாட்டை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்க. அவர்களோடு அது மறைந்துவிட்டால் மீட்டுத்தர எந்தப் பூதமும் வாராது. பிள்ளையை ஊரில் விட்டு வந்த தாய் ஒருத்தி உங்கள் தெருவில் இருப்பின், அப்பிள்ளையை விரைவில் அழைத்துக்கொள்ள வழி என்ன என்று அவள் குடும்பத்தாரோடு அமர்ந்து ஆராய்க. தேவகியின் பதிகத்துக்கு அடுத்து வருவது கோசலையின் பதிகமே. நம் வீடுகளிலும் அவ்வரிசை தவறாதிருத்தல் வேண்டும்.